கணக்காசிரியை அரக்கியாகும் கதைகள்

குழு: முத்தியால்பேட்டை – மஞ்சக்குப்பம் குடும்பம்

சனிக்கிழமை

காலை 9:40
அம்மா: அண்ணி, வணக்கம். பாப்பாவுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் நான்கு பக்கம் படிக்கச் சொன்னால் தலைவலி என்கிறாள். அதே பெண், அவள் அப்பா ஞாயிறு சந்தையில் காந்தி வீதி நடைபாதைக் கடையிலிருந்து 60 ரூபாய்க்கு வாங்கிவந்த செங்கல் போன்ற ஆங்கில ஹாரி பாட்டர் நாவலை, இரவு பதினொரு மணி வரை போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறாள். நேற்று அதைப் பிடுங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நீங்கள் ஆங்கில ஆசிரியை. அது அங்கேயே இருக்கட்டுமா, திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காலை 9:43
நான்: அம்மா, அது அரிசி டின்னுக்குப் பின்னால் இருப்பது எனக்கு நேற்று இரவே தெரியும். நீங்கள் வைத்தபோது 412ஆம் பக்கத்தில் இருந்தேன். இப்போது 450ஐத் தாண்டிவிட்டேன்.

காலை 9:51
பெரியப்பா: இந்தக் குழுவில் நல்ல தமிழில், முழு வாக்கியங்களில்தான் எழுத வேண்டும் என்று நான் வைத்த விதியைப் பாப்பா காப்பாற்றுகிறாள் என்பதில் மகிழ்ச்சி, திருட்டுக்கு மட்டும் என் உடன்பாடு இல்லை. மந்திரக்கோலும் பறக்கும் துடைப்பமுமாக எழுதப்பட்ட இந்தக் கதைகளால் ஒரு பிள்ளைக்கு என்ன நீதி கிடைக்கிறது என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் எழுதிவைத்த மொழியில் பிறந்த பிள்ளைகள் இவற்றைத் தேடி ஏன் போக வேண்டும்?

காலை 10:30
கடலூர் அத்தை: அண்ணா, ஐந்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அப்போது அந்த நாவல்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. படிக்காமலே அவை வெறும் பொழுதுபோக்கு என்று ஆசிரியர் அறையில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு நாள், ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மேசைக்கு அடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தைப் பறித்து, தலைமையாசிரியரிடம் கொடுப்பதற்காக என் மேசை இழுப்பறையில் போட்டேன். கார்த்திகை மாதம், கெடிலத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, மழையால் மதியத்தோடு பள்ளியை விட்டுவிட்டார்கள். எனக்கோ மஞ்சக்குப்பம் வரப் பேருந்து கிடைக்கவில்லை. வேறு வேலையில்லாமல் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன்.

அது 2005இல் வெளிவந்த பெர்சி ஜாக்சன் வரிசையின் முதல் நாவல். முதல் அத்தியாயத்திலேயே, அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போன இடத்தில், கணக்காசிரியை சிறகு முளைத்த அரக்கியாக மாறி மாணவன்மேல் பாய்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, என்னைப் பார்த்து யாரோ எழுதியதுபோல ஒரு கூச்சமும் வந்தது. அந்த மாணவனுக்கு எழுத்துகள் கண்ணுக்கு முன்னே மிதக்கின்றன. அவனால் சரளமாகப் படிக்க முடியாது. ஒரு பள்ளியிலும் ஓராண்டுக்கு மேல் அவனை வைத்துக்கொள்வதில்லை. நூலாசிரியர் ரிக் ரியார்டன் பதினைந்து ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவர்; படிப்பதில் அதே சிரமம் இருந்த தம் மகனுக்கு இரவுகளில் சொன்ன கதையைத்தான் அவர் பிறகு நாவலாக்கினார். அவர் கதையில், கிரேக்கக் கடவுள் ஒருவரின் மகனான அந்தப் பையனின் மூளை பண்டைக் கிரேக்க எழுத்துக்காகவே அமைந்தது. ஆங்கில எழுத்து மிதப்பதற்கு அதுவே காரணம்.

இதைப் படித்தபோது மழை நின்றுவிட்டது, ஆனால் நான் எழவில்லை. புத்தகத்தைப் பறிகொடுத்த அந்தப் பையனை நான் வாரம் இருமுறையாவது எழுந்து நிற்கவைத்து உரக்கப் படிக்கச் சொல்வேன்; அவன் எழுத்துக்கூட்டும்போது வகுப்பு சிரிக்கும்; "வீட்டில் ஒரு முறையாவது புத்தகத்தைத் திறந்தாயா?" என்று நானும் சேர்ந்துகொள்வேன். அவன் திறந்துதான் இருந்திருக்கிறான். பாடப்புத்தகத்தை அல்ல, தன்னைப் பற்றி எழுதிய புத்தகத்தை.

காலை 10:38
அப்பா: அக்கா, நீங்கள் அந்தப் புத்தகத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தீர்களா?

காலை 10:44
கடலூர் அத்தை: இல்லை. முடிக்கும்வரை நான்கு நாள் வைத்துக்கொண்டு, பிறகு அவனிடமே கொடுத்தேன். அவன் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன், அவனோ, "டீச்சர், நீங்க எத்தனாவது பக்கம் வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டான். முழுவதும் படித்துவிட்டேன் என்றதும், இரண்டாம் பாகம் தன் அண்ணனிடம் இருப்பதாகச் சொன்னான். அன்று முதல், உரக்கப் படிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே அவனிடம் சொல்லி அனுப்பத் தொடங்கினேன். இவ்வளவு எளிய காரியம் இருபத்தைந்து ஆண்டுப் பணியில் எனக்குத் தோன்றவே இல்லை.

காலை 11:15
அம்மா: அண்ணி, அது சரி. ஆனால் பாப்பா படிப்பது வேறு, ஹாரி பாட்டர் ஐந்தாம் பாகம்.

காலை 11:50
கடலூர் அத்தை: அந்த ஐந்தாம் பாகம் பிரிட்டிஷ் பதிப்பில் 766 பக்கம். அதை முடிக்கிற பிள்ளையைப் "படிக்கமாட்டாள்" என்று இனி நாம் சொல்ல முடியாது. நாம் கொடுப்பதைப் படிக்கமாட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பாகம் தேவைக்கு மேல் நீளம் என்பதே என் எண்ணம். நடுவில் இருநூறு பக்கத்தைக் குறைத்திருந்தால் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. பாப்பா என்னோடு சண்டைக்கு வரலாம்.

ஆனால் 1999இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஒரு காட்சி இருக்கிறது. அதை ஆசிரியர் பயிற்சியிலேயே படிக்கக் கொடுக்கலாம் என்பேன். நெவில் என்று மறதியும் பயமும் உள்ள ஒரு மாணவன். ஆசிரியர் அறையில் ஓர் அலமாரிக்குள் ஒரு மாயப் பிராணி அடைபட்டிருக்கிறது. தன் எதிரில் நிற்பவர் எதற்கு மிகவும் அஞ்சுகிறாரோ அந்த வடிவத்தை அது எடுத்துக்கொள்ளும். இந்த நெவிலின் பெற்றோர் எதிரிகளால் சித்திரவதை செய்யப்பட்டுச் சித்தம் கலங்கி மருத்துவமனையில் இருப்பவர்கள் என்பது அடுத்த பாகங்களில்தான் நமக்குத் தெரியவருகிறது. இத்தனை துயரம் உள்ள பிள்ளைக்கு உலகத்திலேயே மிகப் பெரிய அச்சமாக அலமாரியிலிருந்து வெளிவருவது யார் தெரியுமா? அவனுடைய ஆசிரியர் ஸ்னேப்.

அதற்குச் சற்று முன், புதிதாக வந்த ஆசிரியர் லூப்பினிடம், பிள்ளைகள் அனைவரும் கேட்டுக்கொண்டிருக்க, அந்தப் பையனை நம்பிக் கடினமான எதையும் கொடுக்காதீர்கள் என்று ஸ்னேப் சொல்லிவிட்டுப் போகிறார். இதே வார்த்தைகளை நம் ஆசிரியர் அறைகளில் ஜூன் மாதம் தோறும் கேட்கலாம். வகுப்பை ஒப்படைக்கும்போது, பெயர்ப் பட்டியலோடு சேர்த்து இதையும் ஒப்படைப்போம். நானும் ஒப்படைத்திருக்கிறேன். லூப்பின் என்ன செய்கிறார் என்றால், அந்த மாயப் பிராணியை எதிர்கொள்ள முதல் ஆளாக நெவிலையே அழைக்கிறார்.

பிற்பகல் 12:05
நான்: அத்தை, நடுவில் இருநூறு பக்கம் தேவையில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அம்பிரிட்ஜ் என்ற ஆசிரியை அடுத்தடுத்துப் புதிய விதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அந்தப் பக்கங்களில்தான் வருகிறது. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பகுதி அதுதான். காரணத்தை இந்தக் குழுவில் எழுத முடியாது.

பிற்பகல் 12:20
பெரியப்பா: எல்லாம் சரி, தங்கையே. நான் கேட்டது நீதியைப் பற்றி. ஆசிரியரைப் பழிக்கும் கதைகளைப் படித்துப் பிள்ளை எதைக் கற்கும்?

பிற்பகல் 2:10
கடலூர் அத்தை: அண்ணா, முதலில் ஒரு பழைய கணக்கு. 1972இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது உங்களுக்குப் பன்னிரண்டு வயது. கணக்கு நோட்டுக்குள் வைத்து நீங்கள் அதைப் படித்ததையும், அப்பா அதைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டதையும் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாயாவியால் உங்களுக்கு வந்த நீதி என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. தமிழாசிரியராக ஓய்வு பெற்றீர்கள், அவ்வளவுதான்.

நீதிக்கு வருகிறேன். 2007இல் நூலாக வந்த விம்பி கிட் என்ற நாட்குறிப்புக் கதையைத்தான் நான் மிகவும் இளப்பமாக நினைத்திருந்தேன். பாதி பக்கம் கார்ட்டூன், பின்னால் வந்த பாகங்கள் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்பவை. முதல் பாகத்தில், கிரெக் என்ற பையன் தன் நண்பன் ரௌலியின் கோட்டை அணிந்துகொண்டு, குச்சியில் ஒரு புழுவைத் தூக்கியபடி சின்னப் பிள்ளைகளைத் துரத்துகிறான். பார்த்தவர் கோட்டை வைத்து ரௌலி என்று நினைத்துப் புகார் சொல்ல, தண்டனை ரௌலிக்குக் கிடைக்கிறது. கிரெக்கின் அம்மா, "எது சரியோ அதைச் செய்" என்கிறார். அவனும் இரவு முழுவதும் யோசித்து, பழியை ரௌலியே சுமக்கட்டும் என்பதுதான் சரி என்று முடிவெடுக்கிறான்!

இதை வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு, வழக்கம்போல "இக்கதை கூறும் நீதி யாது?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், அவன் எழுதறதை அப்படியே நம்பக் கூடாது, அவன் தனக்குச் சாதகமாத்தான் எழுதுவான்" என்றாள். கதை சொல்பவனின் வாக்கு வேறு, கதையின் உண்மை வேறு என்பதைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க எங்களுக்கு நடத்தினார்கள். இந்தப் பெண்ணுக்கு அதை யாரும் நடத்தவில்லை. பெரியவர் ஒருவர் கடைசிப் பக்கத்தில் வந்து அறிவுரை சொல்லியிருந்தால், அவள் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கவே மாட்டாள். அறிவுரையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருப்பாள்.

ஆசிரியரைப் பழிப்பது அயல்நாட்டுச் சரக்கு என்றும் எண்ண வேண்டாம். நம் கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த இரா. நடராசன் எழுதிய ஆயிஷா, ஓர் ஆசிரியை தன் வாயாலேயே சொல்லும் கதை. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவி, அடி வலிக்காமலிருக்க உணர்விழக்கும் மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்து இறந்துபோகிறாள். அதோடு ஒப்பிட்டால் சிறகு முளைத்த கணக்காசிரியை மிகவும் சாது.

பிற்பகல் 2:45
மாமா: பாகூர் தாண்டிப் பேருந்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் மைத்துனர் பொறுத்துக்கொள்ள வேண்டும். டானியல் பென்னாக் என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் இருக்கிறார். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. 1992இல் வந்த தம் நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று எழுதினார். முதல் உரிமை படிக்காமல் இருப்பது. இரண்டாவது, பக்கங்களைத் தாண்டிப் போவது. மூன்றாவது, முடிக்காமல் விடுவது. என் மாணவர்கள் மூன்றையும் பாடநூலில் ஏற்கெனவே கடைப்பிடித்து வருகிறார்கள். எனக்குப் பிடித்தது பத்தாவது: படித்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கும் உரிமை. பாப்பாவிடம் கேள்வி கேட்பதை நாம் நிறுத்தினால் போதும்.

பிற்பகல் 2:58
அம்மா: பத்து உரிமைகளில் இரவு பதினொரு மணி வரை விழித்திருப்பது உண்டா, அண்ணா?

பிற்பகல் 3:01
மாமா: இல்லை. அந்த ஒரு விஷயத்தில் பென்னாக் உங்களுக்குத் தடையாக நிற்கமாட்டார்.

பிற்பகல் 3:20
அம்மா: அப்படியென்றால் மாலை ஏழு முதல் எட்டு வரை நாவல், ஒன்பதரைக்கு விளக்கு அணையும். அரிசி டின்னுக்குப் பின்னால் இனி அரிசிப் பூச்சிக்கு வேப்பிலை மட்டும்தான் இருக்கும்.

மாலை 4:05
அப்பா: நாளை பாரதி பூங்கா பக்கம் போகும்போது ரோமன் ரோலண்ட் நூலகத்தில் பாப்பாவுக்கு உறுப்பினர் அட்டைக்கு விசாரித்து வருகிறேன். 1827இல் தொடங்கிய நூலகம். இத்தனை ஆண்டு புதுச்சேரியில் இருந்தும் நான் செய்தித்தாளுக்காக மட்டுமே அங்கே ஏறியிருக்கிறேன்.

மாலை 4:30
பெரியப்பா: அந்தப் புழுக் கதையை நான் என் கண்ணால் படிக்காமல் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. மாப்பிள்ளை திங்கட்கிழமை வரும்போது எடுத்து வரட்டும். என் ஆங்கிலம் அதற்குப் போதும் என்று நம்புகிறேன்.

புதன்கிழமை

இரவு 8:50
பெரியப்பா: முடித்துவிட்டேன். ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. படங்கள் பெரிதும் உதவின. தங்கை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். முதலில் உண்மையை மறைத்து நண்பனுக்குத் தண்டனை வாங்கித் தந்த அதே பையன், கடைசியில் ஒரு பொய்யைச் சொல்லி, இழிவைத் தானே ஏற்றுக்கொண்டு அதே நண்பனைக் காப்பாற்றுகிறான். "பொய்மையும் வாய்மை இடத்த" என்ற 292ஆம் குறளை முப்பது ஆண்டு நடத்தினேன்; எடுத்துக்காட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் பசுவைக் காப்பாற்றக் கசாப்புக்காரரிடம் பொய் சொன்ன அதே கதையைத்தான் சொல்லிவந்தேன். பாப்பா, நீ நேர்மையாகச் சொல்: அவன் அந்தப் பொய்யை நண்பனுக்காகச் சொன்னானா, அல்லது நாட்குறிப்பைப் படிப்பவர் தன்னை நல்லவன் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக அப்படி எழுதிவைத்தானா?

இரவு 8:57
நான்: பெரியப்பா, எனக்குப் பத்தாவது உரிமை இருக்கிறது. நீங்கள் இரண்டாம் பாகத்தைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

இரவு 9:02
பெரியப்பா: மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை மறக்க வேண்டாம்.