கேம்ஷாஃப்ட் மாற்றிய பிறகு மாருதி 800 ஸ்டார்ட் ஆகவில்லை

வண்டி 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், 796 சிசி. இடம் மன்னார்குடி. கேம்ஷாஃப்ட்டில் இரண்டாவது சிலிண்டர் இன்லெட் லோப் (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு) தேய்ந்து போனதால் போன செவ்வாய்க்கிழமை கேம்ஷாஃப்ட், அதை கிராங்கோடு சேர்த்துச் சுற்றும் டைமிங் பெல்ட் இரண்டும் புதிது போட்டோம். கேம் தஞ்சாவூரில் வாங்கியது, கம்பெனி பார்ட் இல்லை. இன்றோடு நான்கு நாள், இன்ஜின் பிடிக்கவே இல்லை.

ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது. நடுநடுவே கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று அடிக்கிறது. பிளக் நனைந்து வருகிறது, ஸ்பார்க் நீலமாக நன்றாக இருக்கிறது. ஐப்பசி மழை ஈரமோ என்று டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றிக் காயவைத்தாயிற்று. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை) 1-3-2 சரி. ரோட்டார் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்குமோ என்று டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்து மாற்றியும் போட்டுப் பார்த்தோம், அப்போது இன்னும் மோசமாக அடித்தது.

கம்ப்ரஷன்தான் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) உறுத்துகிறது. கேம் மாற்றுவதற்கு முன் 165 பிஎஸ்ஐ காட்டியது, இப்போது மூன்றிலும் 90-95. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் ஏறவில்லை, அதனால் பிஸ்டன் ரிங் கோளாறு இல்லை. வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் இடைவெளி) இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ. வைத்து இரண்டு முறை சரிபார்த்தாயிற்று, எதுவும் டைட் இல்லை. கிராங்க், கேம் புல்லி மார்க் இரண்டும் நேராக நிற்கின்றன. கையால் இரண்டு சுற்று சுற்றியும் விலகவில்லை.

பழைய கேமையும் புதியதையும் புல்லி மாட்டும் சிறு முளை மேலே இருக்கும்படி பக்கத்தில் வைத்தால், புதியதில் முதல் இன்லெட் லோப் கொஞ்சம் பின்தங்கித் தெரிகிறது. கண் அளவுதான்.

இதற்குப் பெல்ட்டை ஒரு பல் முன்னே தள்ளிப் போட்டு கம்ப்ரஷன் பார்ப்பது சரியா, இல்லை இந்தக் கேமையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?