பாப்பா தவழப் போறா, வீட்டுல முதல்ல எதை மாத்தணும்?

கேள்வி: பாப்பாவுக்கு 7 மாசம் முடியப்போகுது, வயித்தாலயே நீச்சல் அடிச்சு நகர்றா. வாடகை வீடு, ஆணி அடிக்க ஓனர் விட மாட்டார், பிளக் பாயிண்ட் எல்லாம் தரையிலேர்ந்து ஒரு அடிதான். எதுல ஆரம்பிக்கறதுன்னே தெரியல அக்காஸ்.

பதில்: முதல்ல நீங்க முட்டி போட்டு வீடு பூரா ஒரு ரவுண்டு தவழுங்க. சிரிக்காதீங்க, நான் அப்படித்தான் கட்டிலுக்கு அடியில பட்டன் பேட்டரி ஒண்ணு கண்டுபிடிச்சேன், அத முழுங்கி தொண்டையில மாட்டிக்கிச்சுன்னா 2 மணி நேரத்துலயே உள்ள வெந்துடும். பிளக்குக்கு சாக்கெட் கவர் போதும், ஆணி எதுக்கு.

பதில்: பாத்ரூம் வாளி!! ராத்திரி தண்ணி பிடிச்சு வைக்கிற பழக்கம் இருந்தா இன்னையோட நிறுத்துங்க, ரெண்டு இஞ்ச் தண்ணி போதும் குழந்தை மூழ்கறதுக்கு. வாளிய கவுத்துட்டு கதவ வெளிய தாழ்ப்பாள் போட்டு வைங்க.

பதில்: சாமி ஷெல்ஃப் கீழ இருந்தா கற்பூர டப்பாவ மேல ஏத்திடுங்க. கல்கண்டுன்னு நெனச்சு வாயில போட்டா ஃபிட்ஸே வந்துடும். அரிவாமணையும்தான்.

கேட்டவர்: இப்பதான் தவழ்ந்து பாத்தேன். சோஃபா அடியில ரெண்டு ஊக்கு, ஒரு வேர்க்கடலை. மாமியார் ‘என்னடி தொலைச்ச’ன்னு கேக்கறாங்க 😂