மேட்ச் பாக்க பதினாலு பேரு, அதுல ஒருத்தர் டீ விக்கிறவரு. கிளப்ப மூடிரலாமா?

வடசென்னை லெஃப்ட்பேக்:

வணக்கம் மக்களே. வியாசர்பாடி பக்கம் ஒரு சின்ன ஃபுட்பால் கிளப் நடத்துறேன், பேரு வேணாம், சென்னை லீக்ல கீழ் டிவிஷன். எங்க பெரியப்பா 86ல ஆரம்பிச்சது. இப்ப செகரட்டரி, கோச், ஜெர்சி தொவைக்கிறவன் எல்லாம் நான்தான்.

போன செவ்வாக்கிழம மதியம் ரெண்டரைக்கு மேட்ச், வெயில் மண்டைய பொளக்குது, கேலரில எண்ணிப் பாத்தேன் பதினாலு பேரு. அதுல நாலு பேரு அடுத்த மேட்ச் ஆட வந்த டீமு, ஒருத்தர் சைக்கிள்ல டீ விக்கிறவரு, ஒரு பெரியவர் நெழலுக்கு ஒதுங்கி தூங்கிட்டாரு. நாங்களே பத்து பேரோடதான் ஆரம்பிச்சோம், ஏன்னா ஒருத்தன் ஸ்விக்கி ஓட்டுறான், மதியம் ஆர்டர் வர்ற நேரம், முடிச்சிட்டு இருவதாவது நிமிஷம் அந்த பையோடயே வந்து எறங்குனான்.

இன்னொரு கூத்து கேளுங்க. ஜெர்சி மூணு வருஷம் பழசு, நம்பர் எல்லாம் உரியுது. ஒருத்தனோட 8 பாதி உரிஞ்சு 3 ஆயிடுச்சு, டீம்ல ஏற்கெனவே ஒரு 3 இருக்கான். ரெஃப்ரி மஞ்ச கார்ட கையில வச்சுக்கிட்டு யாரு பேர எழுதுறதுன்னு தெரியாம ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சு முதுக பாக்குறாரு. புது செட்டுக்கு ஏரியால ஒரு கடைக்காரர் காசு தரேன்னாரு, அவரு லோகோவ சாம்பிள் பிரிண்ட் போட்டு வாட்ஸப்ல அனுப்புனதோட சரி, போனே எடுக்கல.

ஆட்டோ, தண்ணி கேன், ஐஸ், முட்ட, வாழப்பழம்னு ஒரு மேட்சுக்கு மூவாயிரம் கிட்ட ஆவுது. பசங்க கிட்ட மாசம் எரநூறு கேட்டா மொகம் மாறுது. அதே பசங்க ராத்திரி பதினோரு மணிக்கு டர்ஃப் புக் பண்ணி ஆளுக்கு நூத்தம்பது போட்டு ஆடுறாங்க. சேம்பியன்ஸ் லீக்னா நடு ராத்திரி ஒன்றரைக்கு அலாரம் வச்சு எந்திரிக்கிறாங்க. ஊருக்குள்ள ஃபுட்பால் செத்துப் போச்சுன்னு சொல்ல முடியாது, எங்க ஏரியாவ மினி பிரேசில்னுதானே பேப்பர்காரன் எழுதுறான். ஆனா எங்கள பாக்க மட்டும் ஆள் இல்ல. என்ன பண்ணலாம்? வேற கிளப்போட சேத்துட்டு ஒதுங்கிரலாமான்னு கூட தோணுது.

---

பழைய ஸ்டாப்பர்:

தம்பி, நான் ஒரு டிபார்ட்மென்ட் டீம்ல ஆடி ரிட்டயர் ஆனவன். உங்க பெரியப்பா காலத்துல கிளப்ல சேர ஒரே காரணம் வேலை. கீழ் டிவிஷன்ல நல்லா ஆடுனா மேல ஒருத்தன் கண்ணுல படுவான், அப்புறம் ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, ஏஜி ஆபீஸ், இந்தியன் பேங்க்னு எங்கயாவது சீட் கிடைக்கும். இந்தியன் பேங்க் இந்திய அளவுல நடந்த நேஷனல் லீக்லயே ஆடுன டீம். அதனால கிளப்ப குடும்பமே தாங்கும், பையன் ஆடுறத பாக்க மாமா சித்தப்பா எல்லாம் லுங்கியோட வந்து நிப்பாங்க, ஏன்னா அவன் ஷாட் உள்ள போனா வீட்டுக்கு சம்பளம். இப்ப ஸ்போர்ட்ஸ் கோட்டால ஆள் எடுக்கிறது சுருங்கிப் போச்சு, அந்த ஆசை இல்லாம ரெண்டரை மணி வெயில்ல யாரு வந்து நிப்பான்.

அப்புறம் கிரவுண்டு. முன்னாடி நம்ம தெரு முனையில பந்து உருண்டுச்சு, வேல விட்டு வர்றவன் சைக்கிள நிறுத்திட்டு பாத்தான். 93ல நேரு ஸ்டேடியத்த புதுசா கட்டி அங்க வெளிநாட்டு டீமெல்லாம் வந்து நேரு கப் நடந்துச்சு, நானும் போய் வாய பொளந்துட்டுதான் பாத்தேன். ஆனா அவ்ளோ பெரிய ஸ்டேடியத்துல பதினாலு பேரு உக்காந்தா சாவு வீடு மாதிரிதான் இருக்கும். அதே பதினாலு பேரு தெரு கிரவுண்டு கோட்டோரம் நின்னா கூட்டம்.

---

கோலி சேவியர்:

அண்ணே நான் குமரி மேற்கு கடற்கரை, தூத்தூர் பக்கம். எங்க ஊர்கள்ல கத வேற. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளைன்னு ஒன்ன ஒன்னு ஒட்டி ஊரு, ஒவ்வொன்னுக்கும் டீமு, பக்கத்து ஊருகிட்ட தோத்துட்டா மறுநாள் துறையில மொகத்த காட்ட முடியாது. டோர்னமென்ட்னா பள்ளிக்கூடத்து மதில் மேல, மரத்து மேல எல்லாம் ஆளு இருக்கும். பாட்டிமாரு வரைக்கும் வந்து திட்டுவாங்க. பெரிய கிளப்புகள்ல ஆடுன மைக்கேல் சூசைராஜ், அவரு அண்ணன் ரெஜின் எல்லாம் இரவிபுத்தன்துறைல இருந்து போனவங்கதான்.

ஆனா எங்களுக்கும் கஷ்டம் இருக்கு. வள்ளத்துல தங்கலுக்கு போனா வர பல நாளாவும், சென்டர் ஃபார்வேர்டு கடல்ல கெடக்கான் நாங்க கரையில ஆள தேடுறோம். அதனால மேட்ச நாங்க அவங்க வர்ற நாளுக்குத்தான் வைப்போம், கிறிஸ்மஸ், திருவிழா, இல்லன்னா எல்லாரும் கரையில இருக்கிற தடை காலம். ஒக்கி புயல் அடிச்ச 2017ல மட்டும் கிறிஸ்மசுக்கு எங்க ஊருல யாரும் பந்த தொடல்ல.

சொல்ல வந்தது என்னன்னா செவ்வாக்கிழம ரெண்டரைக்கு உங்க அம்மாவே வர மாட்டாங்க. லீக் மேட்ச் நேரத்த நீங்க மாத்த முடியாதுதான். ஆனா வருஷத்துல ரெண்டு ஞாயித்துக்கிழம உங்க தெருவுல உங்க கிளப் பேருல ஒரு டோர்னமென்ட் போட முடியும்ல? ஜனங்களுக்கு மொதல்ல உங்க பிள்ளைங்க மொகம் தெரியணும். எங்க பாட்டி ஆஃப்சைடு தெரிஞ்சா வர்றாங்க? பேரனத் தெரியும், அதான் வர்றாங்க.

---

சிக்ஸர் சிங்காரம்:

ப்ரோ டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கு மாறிடுங்க. மொத பரிசு ஆட்டுக் கிடா. கூட்டம் கூட்டமா வருவானுங்க.

---

காந்திபுரம் கார்னர்:

கிடாயெல்லாம் இருக்கட்டுங்க சிங்காரம், கப் அடிச்சும் காணாம போன கதைய நான் சொல்றேன். நான் கோயமுத்தூருங்க. சென்னை சிட்டி எஃப்சி, பேர்ல சென்னை, ஆடுனது எங்க ஊரு நேரு ஸ்டேடியத்துல. 2019 மார்ச் 9, இந்தியா முழுக்க டீமுங்க ஆடுன ஐ-லீக்கோட கடைசி நாள், பஞ்சாப் டீம் மினர்வா கூட மேட்ச். ஆரம்பிச்ச உடனே அவங்க ஒரு கோல் போட்டுட்டாங்க, அந்தப்பக்கம் கோழிக்கோட்ல ஈஸ்ட் பெங்கால் மேட்ச் ஓடுது, அவங்க ஜெயிச்சு நாங்க தவறுனா கப் போச்சு. பக்கத்துல இருந்த ஆளு மொபைல்ல அந்த ஸ்கோர பாத்து பாத்து சொல்லிட்டே இருந்தாருங்க, நான் அவர பேசாம இருக்கச் சொல்லி சண்ட போட்டேன். செகண்ட் ஹாஃப்ல எங்க ஸ்ட்ரைக்கர் மான்சி பெனால்டி, அப்புறம் கௌரவ் போரா ரெண்டு. 3-1. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்துல ஐ-லீக் சேம்பியன், 43க்கு 42. மான்சி அந்த சீசன்ல 21 கோல்.

அப்புறம் என்னாச்சுங்க? ஐ-லீக் ஜெயிச்சாலும் ஐஎஸ்எல்ங்கிற இன்னொரு பெரிய லீக்குக்கு ஏத்தி விட மாட்டாங்க, அப்ப ரூல் அப்படி. சுவிஸ்ல இருந்து பேசல் கிளப் பங்கு வாங்குச்சு, அட நம்ம டீமுக்கு வெளிநாட்டு காசான்னு பேசிக்கிட்டோம். கொரோனா வந்துச்சு, 2020-21 சீசன் மொத்தமும் பெங்கால்ல ஆள் இல்லாத கிரவுண்டுல நடந்துச்சு, அதோட ஐ-லீக்ல அந்தப் பேர பாக்கவே இல்லீங்க. சேம்பியன் ஆகி ரெண்டு வருஷம். என்கிட்ட அந்த ஆரஞ்ச் ஸ்கார்ஃப் இன்னும் இருக்கு, பைக் தொடைக்க மனசு வரல.

கூட்டம் வந்த டீமுக்கே இந்த கதி. அதனால பெரிய ஸ்பான்சர் வந்தா எல்லாம் சரியாயிரும்னு மட்டும் நம்பாதீங்க. எங்களுக்கு பக்கத்துலயே கேரளா மலப்புறத்துல செவன்ஸ் பாருங்க, டீமுக்கு ஏழு பேரு ஆடுற ஃபுட்பால், வயல்ல கவுங்கு மரம் கட்டி கேலரி, ராத்திரி ஃப்ளட்லைட், டிக்கெட் வாங்கிட்டு ஆயிரக்கணக்குல வர்றாங்க. ஃபெடரேஷன் அங்கீகாரமே கிடையாது, அதப்பத்தி அவங்க கவலையும் படல.

---

சட்டன் தவம்:

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணம், இப்ப இருவது வருசமா லண்டன் சட்டன் பக்கம் இருக்கிறன். இங்க எல்லா கிளப்பிலயும் காசு கொட்டுது எண்டு நினைக்காதேங்கோ. பிரீமியர் லீக்குக்குக் கீழ நிறைய சின்ன கிளப்புகள் எப்ப பூட்டுமோ எண்டுதான் இருக்குதுகள்.

எங்கட சட்டன் யுனைட்டட் கதைய கேளுங்கோ. 2015ல புல்லைக் கிளறி எறிஞ்சிட்டு செயற்கைத் தரை போட்டவை. அதால என்ன நடந்தது எண்டா கிழமை முழுக்க பின்னேரங்களில பிள்ளையள் பயிற்சிக்கு வருங்கள், வாடகைக்கு விடலாம், காசு வரும். என்ர மகனும் அங்கதான் பழகினவன், சனிக்கிழமை மட்ச் எண்டா தன்ர கோச் விளையாடுறார் எண்டு என்னை இழுத்துக்கொண்டு போவான், அப்பிடித்தான் எனக்கும் அந்தக் கிளப் பிடிச்சது. 2017ல எஃப்ஏ கப்பில லீட்ஸை வெண்டு ஆர்சனலோட விளையாடினம், 2-0 தோல்வி. 2021ல இங்க அஞ்சாம் படியில இருக்கிற நேஷனல் லீக்கை வெண்டு முதல் தரமா நாலாம் படி லீக் டூவுக்கு ஏறினம். ஏறின உடன பாருங்கோ, அங்க செயற்கைத் தரைக்கு அனுமதி இல்லை. திரும்ப கிளறி புல்லுப் போட வேண்டியதாப் போச்சு! சோறு போட்ட தரையை மேல போறதுக்காண்டி தூக்கி எறிஞ்சது. 2024ல திரும்ப இறங்கியும் போட்டம்.

பெரி எண்டு மான்செஸ்டர் பக்கம் ஒரு கிளப், 1885ல தொடங்கினது, எஃப்ஏ கப் ரெண்டு தரம் எடுத்தவை. 2018 கடைசியில ஒரு பவுணுக்கு ஒரு ஆள் வாங்கினார், 2019 ஓகஸ்ட்ல காசு கட்டிற வழி இல்லாமல் லீக்கில இருந்தே வெளிய போட்டுட்டினம். அதுக்குப் பிறகு ரசிகர் ஆக்களே சேர்ந்து, தங்களுக்குள்ள பிடிச்ச சண்டையையும் ஒருமாதிரி முடிச்சு, 2023ல பழைய மைதானத்துக்குத் திரும்பி வந்திட்டினம். எத்தினையோ படி கீழ விளையாடியும் அங்க சனம் நிறையுது.

இன்னொண்டு, இங்க சனிக்கிழமை பின்னேரம் 2.45ல இருந்து 5.15 மட்டும் ரீவியில நேரடி மட்ச் காட்டக் கூடாது எண்டு சட்டம் மாதிரி ஒண்டு வச்சிருக்கினம். சின்ன கிளப்புக்கு சனம் வரோணும் எண்டுதான். உங்கட ஊரில அதைக் கேக்க ஏலாது, ஆனா அந்தச் சின்னப் பிள்ளையள் விசயத்தை நீங்கள் செய்யலாம். காலமை ஒரு மணித்தியாலம் தெருப் பிள்ளையளுக்குப் பழக்குங்கோ, காசு வேண்டாம். தாய் தேப்பன் தானா வருவினம்.

---

வடசென்னை லெஃப்ட்பேக்:

எல்லாருக்கும் தேங்க்ஸ், இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. சிங்காரம் உன் நம்பர் குடு, கிடா நான் தரேன், மேய்க்க நீ வா.

பழைய ஸ்டாப்பர் சார், நீங்க சொன்னது உறைக்குது. எங்க ஸ்விக்கி பையன கேட்டேன், லீக்ல ஆடுனா வேல கிடைக்குமாண்ணான்னு திருப்பி கேக்குறான், நான் பேச்ச மாத்திட்டேன்.

தவம் அண்ணன் சொன்னத ஞாயித்துக்கிழம காலையில ட்ரை பண்ணேன். தெருவுல சும்மா சொல்லி விட்டதுக்கு பத்தொம்போது வாண்டுங்க வந்துச்சுங்க, மூணு பொண்ணுங்க, ஒன்னு செருப்பு போட்டுக்கிட்டே எங்க கீப்பர தாண்டி கோல் அடிச்சிச்சு. கீப்பர் இன்னும் வாட்ஸப் குரூப்புக்கே வரல. ரெண்டு அம்மாங்க கடைசி வரைக்கும் நின்னாங்க, ஒருத்தங்க எப்ப மேட்ச்னு கேட்டாங்க, செவ்வாக்கிழம ரெண்டரைன்னு சொல்ல வாய் வரல.

இப்போதைக்கு கிளப்ப மூடல. பொங்கலுக்கு தெருவுலயே செவன்ஸ் மாதிரி ஒன்னு போடலாம்னு பசங்க சொல்றாங்க, எட்டு டீமு, நுழைவு கட்டணம் ஐநூறு. ஃபைனல் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, லைட்டுக்கு கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் போடுறவரு கிட்ட பேசியிருக்கேன். சேவியர் தம்பி, உங்க ஊரு பசங்க யாராவது சென்னையில காலேஜ், வேலைன்னு இருந்தா ஒரு டீமா வர முடியுமா? தங்க எடம் எங்க வீட்டு மாடி, சாப்பாடு நம்ம செலவு. அப்புறம் யாருகிட்டயாவது பழைய கோல் நெட் இருந்தா சொல்லுங்க, எங்களுதுல ஆடு பூந்து கிழிச்சிருச்சு.