மும்பைல தனியா வந்து மாட்டுற பிள்ளைங்க – நீங்க நேர்ல பார்த்தத சொல்லுங்க

கோலிவாடா செல்வி:
நான் சயான் கோலிவாடா. மீட்ட பிள்ளைங்கள வச்சிருக்குற ஹோமுக்கு தமிழ்ப் பிள்ளை யாராவது வந்தா பேசிப் பார்த்து சொல்ல என்ன கூப்பிடுவாங்க, சம்பளம் எல்லாம் கிடையாது டீ மட்டும்தான். போன வருசம் கல்யாண் தாண்டி ஒரு முறுக்குக் கம்பெனில இருந்து ஒரு பையன கூட்டிட்டு வந்தாங்க. கையெல்லாம் எண்ணெய் தெறிச்ச தழும்பு, அச்சு அமுக்கி அமுக்கி உள்ளங்கை காய்ச்சுப் போய் கிடக்கு. ஓனர் காட்டுற ஆதார்ல வயசு 19, பையனுக்கு மீசை கூட அரும்பல.

எந்த ஊருன்னு கேட்டதுக்கு அவன் தமிழ்நாடுன்னு சொல்லிருக்கான், எழுதுறவர் பாவம் சென்னைன்னு போட்டுட்டார், அந்தப் பேப்பர் சென்னைக்குப் போயி சுத்திட்டு வந்துருக்கு. நான் உக்காந்து கேட்டப்புறம்தான் உசிலம்பட்டிப் பக்கம்னு தெரியுது. அம்மா நம்பர் ஒன்பது இலக்கம் வருது, பத்தாவது வரல. ஊர்ப் பேரு சொல்றான், அந்தப் பேர்ல அங்க ரெண்டு மூணு ஊர் இருக்கு. கடைசில சத்துணவு ஆயா பேரு, ஸ்கூல் வாசல்ல இருக்குற கருப்பசாமி கோயில், ரெண்டையும் வச்சுத்தான் ஸ்கூல கண்டுபிடிச்சோம். ஹெட்மாஸ்டர் நல்ல மனுசன், அட்மிஷன் ரெஜிஸ்டர் பக்கத்த அன்னைக்கே அனுப்பி வச்சார், வயசு 13. ஜேஜே ஆக்ட்னு சொல்ற சிறார் நீதிச் சட்டம் 94வது பிரிவுல ஸ்கூல் சர்டிபிகேட்தான் முதல் ஆதாரம், அது இல்லேன்னாதான் கார்ப்பரேஷன் பர்த் சர்டிபிகேட், அதுவும் இல்லேன்னா எலும்பு டெஸ்ட். ஆதார் அந்த வரிசைலயே வராது. 14க்கு கீழன்னு ஆனதும் ஓனர் பேச்சே மாறிடுச்சு.

ஆன்டாப் ஹில் ராசு:
செல்விக்கா, ஊர் தெரிஞ்சாச்சு ஸ்கூல் தெரிஞ்சாச்சு, அப்புறம் எதுக்கு மாசக்கணக்கா ஹோம்ல போட்டு வைக்கிறாங்க? நாகர்கோவில் வண்டில நம்ம ஆள் ஒருத்தர் கூட ஏத்தி விட்டா மதுரைல இறங்கிடப் போறான்.

கோலிவாடா செல்வி:
எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க ராசு. அப்பா அட்வான்ஸ் வாங்கின வீடு அது. ஏஜென்ட் அதே தெருதான். நாம ஏத்தி விட்டா அடுத்த வண்டில வேற ஊருக்கு ஏத்திருவான், குஜராத்தோ ஆந்திராவோ. அதனாலதான் இங்க உள்ள சிடபிள்யூசி, அதாவது குழந்தைகள் நலக் கமிட்டி, அங்க உள்ள சிடபிள்யூசி கூட பேசிட்டுத்தான் அனுப்பணும்னு அதே சட்டத்துல 95வது பிரிவுல வச்சிருக்கான். அங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் அனுப்பணும், அது வந்ததும் எஸ்கார்ட் ஆர்டர், ஆர்டர் வந்து 15 நாளைக்குள்ள போலீஸ் கூட்டிட்டுப் போகணும், பொம்பளப் பிள்ளைன்னா கண்டிப்பா லேடி போலீஸ் இருக்கணும். சட்டத்துல குறையே இல்ல. நடக்குறது என்னன்னா ரிப்போர்ட் ஒரு மேசைல தூங்கும், கான்ஸ்டபிள் கணபதி விழா பந்தோபஸ்துக்குப் போயிருப்பாரு. அதுவரைக்கும் பையன் மராத்தில எண்ணிக்கை கத்துக்கிட்டு கேரம் ஆடிட்டு இருந்தான்.

தாராவி இட்லிக்காரன்:
தாதர் ஸ்டேஷன்ல காலைல சட்னி தூக்கு வச்சுக்கிட்டு நிக்கும்போது ஒரு பொடியன் அழுதுட்டே நின்னான். பிள்ளைங்க ஹெல்ப்லைன் 1098 அடிச்சோம். அந்த நம்பர் 1996ல நம்ம மும்பைலதான் ஆரம்பிச்சதாம், இப்ப கவர்மென்டே நடத்துது, அவசர நம்பர் 112 கூட சேர்த்தாச்சு. ரயில்வே பாதுகாப்புப் படை ஆர்பிஎஃப் ஆளும் வந்தாங்க, 24 மணி நேரத்துக்குள்ள சிடபிள்யூசி கமிட்டி முன்னாடி நிறுத்தணும்னு சொல்லி கூட்டிட்டுப் போனாங்க.

இதுக்கு நடுவுல ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து ஊர் குரூப்ல எல்லாம் போட்டுட்டான். ரெண்டாம் நாள் ஒருத்தன் வந்து நிக்கிறான், நான்தான் தாய்மாமன்னு. பையன் அவனப் பார்த்ததும் ஹோம் மேடம் பின்னாடி ஒளிஞ்சிட்டான். தாய்மாமனப் பார்த்து எந்தப் பிள்ளைங்க ஒளியும்? தயவு செஞ்சு போட்டோ போடாதீங்க, ஜேஜே ஆக்ட் 74வது பிரிவுல ஆறு மாசம் வரை ஜெயில் இல்லேன்னா 2 லட்சம் வரை ஃபைன், ரெண்டும் சேர்த்தும் போடலாம்.

செம்பூர் நர்சக்கா:
தமிழ்நாடே இவ்ளோ இழுக்குதுன்னா வெளிநாட்டுப் பிள்ளைங்க கதைய கேளுங்க. நான் டியூட்டி பார்த்த ஹோம்ல ஒரு பங்களாதேஷ் பொண்ணு இருந்துச்சு, வீட்டு வேலைன்னு சொல்லி கூட்டிட்டு வந்து வேற இடத்துல வித்துட்டாங்க. இப்படி ஆள் கடத்துறதத் தடுக்க 2002ல காத்மாண்டுல தெற்காசிய சார்க் நாடுங்க எல்லாம் கையெழுத்து போட்டிருக்கு, 2015ல இந்தியாவும் பங்களாதேஷும் தனியா ஒப்பந்தம் போட்டிருக்கு. ஆனா அந்தப் பொண்ணு சொன்ன கிராமத்த அங்க போலீஸ் போய்ப் பார்த்து ஆமா இது எங்க ஊர் பொண்ணுதான்னு சொல்லணும், அப்புறம் இங்க இருக்குற அவங்க நாட்டுத் தூதரக ஆபீஸ், டெபுடி ஹை கமிஷன்ல டிராவல் பர்மிட், அப்புறம் மேற்கு வங்காளத்துல பெட்ராபோல் பார்டர்ல ஒப்படைப்பு. ஆத்துல வீடு அடிச்சிட்டுப் போயி குடும்பமே இடம் மாறிருச்சுன்னா அட்ரஸ் எப்படிப்பா கிடைக்கும்? அந்தப் பொண்ணு ஹோம்லயே பெரிய மனுசி ஆச்சு, தையல் கத்துக்கிச்சு, ரெண்டு தீபாவளி எங்க கூடத்தான். வீட்டுக்குப் போன்ல பேசுனது அதுக்கப்புறம்தான்.

நேபாளம் வேற மாதிரி. இந்தியா கூட போட்ட 1950 ஒப்பந்தத்தால பாஸ்போர்ட்டே வேணாம், அனுப்புறது ஈசி, ஆனா கூட்டிட்டு வர்றவனுக்கும் அதே ஈசிதான். மைதி நேபாள்னு அங்க உள்ள தொண்டு அமைப்பு ஆளுங்க பார்டர்லயே நின்னு சின்னப் பொண்ணுங்கள நிறுத்தி யாரு கூட எங்க போறேன்னு கேக்குறாங்க. நம்ம கல்யாண், தாதர்லயும் அப்படி நாலு தமிழ் தெரிஞ்ச ஆள் நின்னா போதும்னு எனக்குத் தோணும்.

ஆன்டாப் ஹில் ராசு:
முறுக்குப் பையன் என்ன ஆனான் அக்கா?

கோலிவாடா செல்வி:
ஊருக்குப் போயிட்டான், எட்டாங்கிளாஸ் சேர்த்தாச்சு. ஆனா கொத்தடிமைன்னு இங்க மீட்ட ஜில்லால சப் டிவிஷன் ஆபீஸ்ல இருந்து விடுவிச்சாச்சுன்னு ரிலீஸ் சர்டிபிகேட் குடுக்கணும், அந்தப் பேப்பர் கைல இல்லேன்னா உடனடி உதவி 30,000மும் கிடையாது, அப்பா வாங்கின அட்வான்ஸ் கடன் ரத்துன்னும் அங்க பேச முடியாது. ஏஜென்ட் இப்பவும் வாசல்ல வந்து கேட்டுட்டுத்தான் போறான்னு அம்மா போன்ல சொல்லுது. அடுத்த வாரம் திரும்ப ஆபீசுக்குப் போறேன், மராத்தில மனு தெளிவா எழுதத் தெரிஞ்சவங்க யாராவது கூட வர்றீங்களா?

தாராவி இட்லிக்காரன்:
என் பொண்ணு எழுதும் அக்கா, மராத்தி மீடியம்தான். வியாபாரம் முடிச்சுட்டு பத்து மணிக்கு மேல கூட்டிட்டு வரேன்.