சேலை ஷேப்வேர்: உட்கார்ந்து எழுந்தால் இடுப்புப் பட்டி சுருண்டு இறங்குகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
நாடா உள்பாவாடைக்குப் பதிலாக உடம்போடு ஒட்டி நிற்கும் ஷேப்வேர் தைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். காட்டன் லைக்ராவில் தைத்தேன். நிற்கும்போது அழகாக இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து எழுந்தால் மேல் விளிம்பு கயிறு மாதிரி சுருண்டு வயிற்று மடிப்பில் போய் நிற்கிறது. எலாஸ்டிக்கை இன்னும் இறுக்கிப் பார்த்தேன், கூடுதலாகச் சுருளுகிறது, தோலிலும் சிவந்த தடம் விழுகிறது.

பதில்:
முதலில் துணியைப் பாருங்கள் அக்கா. 10 செ.மீ. அளவு பிடித்து ஸ்கேல் மேல் இழுங்கள், 15 வரை வந்தால் 50 சதவீத இழுப்பு. விட்டதும் 10க்கே திரும்புகிறதா? அகலவாக்கு, நீளவாக்கு இரண்டிலும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் ஸ்பாண்டெக்ஸ் (லைக்ரா என்கிற இழுபடும் நூல்) கலந்த துணி. அகலவாக்கில் 15ஐத் தாண்டுகிறது, விட்டால் பத்தரையில் நின்றுவிடுகிறது. நீளவாக்கில் இழுப்பு குறைவு.

பதில்:
அப்படியென்றால் சிக்கல் துணியில்தான். காட்டன் லைக்ரா இழுபடும், ஆனால் இழுத்துப் பிடிக்காது. 20 சதவீதம் வரை ஸ்பாண்டெக்ஸ் கலந்த நைலான் துணி வாங்குங்கள், எடை குறைவு, சீக்கிரம் காயும். முன்வயிற்றுக்கு மட்டும் உள்ளே ஒரு அடுக்கு பவர் நெட் (இழுத்துப் பிடிக்கும் வலைத்துணி) வைத்தால் போதும், முழுக்க இரட்டைத் துணி போட்டால் நம்ம ஊர் வெயிலில் யாரும் கட்டமாட்டார்கள்.

எலாஸ்டிக்கை இறுக்குவதை விட்டுவிடுங்கள். மெல்லிய எலாஸ்டிக் ஒரே கோட்டில் அழுத்தும், வயிறு மடியும்போது அந்தக் கோடுதான் சுருளும். 7, 8 செ.மீ. அகலப் பட்டியாக, இடுப்பளவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்து வெட்டி, மடிப்பு விழும் இடத்துக்கு மேலே ஏறி நிற்கும்படி வையுங்கள். இறுக்கமான உள்பாவாடை நாடா உரசி ஆறாத புண்ணாகி, அரிதாகத் தோல் புற்றுநோய் வரை போனதை 2024இல் மருத்துவர்கள் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அழுத்தம் பரவ வேண்டும் என்பது வெறும் அழகுக்காக இல்லை.

கேட்டவர்:
சரி, மாற்றிப் பார்க்கிறேன். என்னிடம் ஓவர்லாக் (ஓரம் அடிக்கும் மெஷின்) இல்லை, சாதா மெஷினில் வருமா? காலை அகட்டி நடக்கவும் முடியவில்லை.

பதில்:
வரும். பால்பாயிண்ட் ஊசி (முனை உருண்டையாக இருக்கும்) 75ஆம் நம்பர், பாலியஸ்டர் நூல், குறுகிய ஜிக்ஜாக். நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். முழங்காலுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு வெட்டு விடுங்கள், படி ஏற அது கட்டாயம் வேண்டும். சூடான இஸ்திரி வேண்டாம், ஸ்பாண்டெக்ஸ் தளர்ந்துவிடும். அப்புறம், அளவு பார்க்கும்போது நிற்கவைத்து மட்டும் பார்க்காதீர்கள், தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லிப் பாருங்கள்.