பொலீரோ பிக்கப்புக்குப் புதுத் தளம்: இரும்பா, அலுமினியமா?

தக்கலைக்காரன்:
பழைய பொலீரோ பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். என்ஜினும் சேஸிஸும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) நன்றாக இருக்கிறது, பின்பாடிதான் போய்விட்டது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், தளத்துக்குள் இறங்கிவிட்டது. மொத்தமாகக் கழற்றிவிட்டு 9 அடிக்கு 5.5 அடியில் புதுசாக அடிக்கப் போகிறேன். வாரம் மூன்று நாள் வடசேரி சந்தைக்கு வாழைக்குலை, மற்ற நாளில் குளச்சலில் இருந்து மீன் பெட்டி, எப்போதாவது செங்கல், கம்பி. இரும்பு செக்கர் பிளேட் (வழுக்காமல் இருக்க மேடு போட்ட தகடு) போடவா, அலுமினியமா? சைடு டோர் வேண்டுமா?

குளச்சல் வண்டி:
மீன் ஏற்றுகிறீர்கள் என்றால் முதலில் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள் அண்ணே. பெட்டியிலிருந்து வடிவது உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர். தளம் மேலே இருந்து துருப்பிடிப்பதில்லை. பிளேட்டும் அதை அடியில் தாங்குகிற குறுக்குச் சேனலும் ஒட்டுகிற இடத்தில், விட்டுவிட்டு வெல்டிங் அடித்த இடைவெளிக்குள் தண்ணீர் போய் உட்கார்ந்து அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும், மேலே பெயின்ட் புதுசு போலவே இருக்கும். என் முதல் வண்டி அப்படித்தான் மூன்றே வருடத்தில் போனது. அந்த ஓரங்களை முழுதாக அடைக்கச் சொல்லுங்கள், தளம் பின்பக்கம் துளி சாய்வாக இருக்கட்டும், லோடு இறக்கிய அன்றே அடிப்பக்கமும் நல்ல தண்ணீர் அடியுங்கள். எடையும் பாருங்கள்: நீங்கள் சொன்ன அளவுக்கு 3 மில்லி இரும்புத் தகடு மட்டும் 110 கிலோ பக்கம் வரும், அலுமினியம் 40க்குள் முடியும்.

மார்த்தாண்டம் பட்டறை:
அலுமினியம் நல்லதுதான், ஆனால் அதை இரும்புச் சேனல் மேல் நேரடியாக வைத்தால் உப்புத் தண்ணீர் பட்டு வெள்ளை மாவாக உதிரும். நடுவில் ரப்பர் பட்டை கட்டாயம். கிழிந்தால் ஆர்கான் வெல்டிங் வேண்டும், எல்லாப் பட்டறையிலும் கிடைக்காது. கம்பி ஏற்றினால் குழி விழும், செங்கல் நாளில் மேலே பலகை விரித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், சேஸிஸில் வெல்டிங் வைக்கவே விடாதீர்கள், அதன் மேல், கீழ் விளிம்பில் துளையும் போடக்கூடாது. அந்த இடத்தில்தான் பிறகு விரிசல் விடும். பாடியைச் சேஸிஸோடு யூ போல்ட் (U வடிவ போல்ட்) போட்டு, நடுவில் ரப்பரோ மரமோ வைத்து இறுக்க வேண்டும், சேஸிஸ் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு இரும்புத் துண்டும் நிற்க வேண்டும். கயிறு கட்டும் கொக்கியைத் தகட்டில் ஒட்டாமல் சேனலில் வையுங்கள். டோர் மூன்று பக்கமும் மடக்குகிற மாதிரி செய்தால் குலையைச் சருகு விரித்துப் பக்கவாட்டிலேயே அடுக்கலாம், இறக்கும்போது காயை இழுத்துத் தேய்க்க வேண்டாம்.

நாகர்கோவில் ஓட்டுநர்:
ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) என்ன பாடி, வெறும் வண்டி எடை எவ்வளவு என்று பாருங்கள். அது மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய 52ஆம் பிரிவு வரும். கழற்றும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு அனுமதி வாங்குங்கள், எஃப்.சி.க்குப் (தகுதிச் சான்று) போய் நின்று திரும்பி வருவது பெரிய அலைச்சல். ஒளிரும் பட்டையும் மறக்க வேண்டாம்: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி. சரி, அலுமினியத் தளம், அடியில் ரப்பர், மூன்று பக்க டோர். கம்பி லோடை விட்டுவிடுகிறேன், அதற்கு வேறு வண்டி இருக்கிறது. ஆர்.சி.யை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிறேன். மார்த்தாண்டம் அண்ணே, ரப்பர் பட்டை எத்தனை மில்லி கனத்தில் வாங்கட்டும்?