கதவைத் திறந்து வைத்தாலும் கிளி கூண்டைவிட்டு வெளியே வர மறுக்கிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குக் காக்கட்டீல் கிளி ஒன்று வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. முன்பு வளர்த்தவர்களால் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாததால் எங்களிடம் கொடுத்தார்கள். கூண்டுக்குள் இருக்கும்வரை நன்றாகவே இருக்கிறது; காலையில் சீட்டியடிக்கிறது, கம்பிகளுக்கிடையே நான் நீட்டும் தினைக்கதிரைக் கொத்தித் தின்கிறது. ஆனால் கதவைத் திறந்ததும் எதிர் மூலைக்கு நகர்ந்து, இறகுகளை உடம்போடு ஒட்ட இறுக்கிக்கொண்டு, கொண்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தியபடி அசையாமல் நின்றுவிடுகிறது. சில நாட்களில் வாசல்வரை வந்து, விளிம்பில் ஒரு காலை வைத்து, கழுத்தை நீட்டி வெளியே பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்குகிறது.

மூன்று வாரங்களுக்கு முன் பொறுமையிழந்து, துண்டால் மூடிப் பிடித்து வெளியே எடுத்தேன். என் பிடியிலிருந்து நழுவி, கொஞ்ச தூரம் சிறகடித்துவிட்டுப் பொத்தென்று தரையில் விழுந்தது. காயம் இல்லை. ஆனால் அன்றுமுதல் என் கையைக் கண்டாலே சீறுகிறது. செய்தது தவறு என்பது எனக்குத் தெரிகிறது. இனி என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1

வணக்கம். முதலில் கையைக் கூண்டுக்குள் விடுவதை அடியோடு நிறுத்துங்கள். தீனி, தண்ணீர் மாற்றுவதற்கு மட்டும், அதுவும் மெதுவாகப் பேசிக்கொண்டே, கை உள்ளே போகட்டும். கிளி இரையாகப் பிடிபடும் இனம். மேலிருந்து வந்து அமுக்கும் எதுவும் அதற்குப் பருந்தின் கால்தான். துண்டின் நினைவு மறைய வாரங்கள் ஆகலாம்.

கூண்டு அறையின் நடுவில் இருந்தால் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி நகர்த்துங்கள். முதுகுப்புறம் காவலாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது முன்புறத்தில் கவனம் வைக்கும். பிறகு, நாள்தோறும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்டு, நாலடி தள்ளி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அதை உற்றுப் பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள். தினைக்கதிரைக் கூண்டுக்குள் கொடுப்பதை நிறுத்திவிட்டு, முதல் சில நாட்கள் கதவின் உட்புற ஓரத்திலும், அதைத் தயங்காமல் தின்னத் தொடங்கிய பிறகு விளிம்பிலும், அதன் பிறகு ஒரு சாண் வெளியேயும் கட்டுங்கள். வழக்கமான தீனியைக் குறைத்துப் பட்டினி போட்டு வரவழைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிறு பறவைகள் பசியைத் தாங்குவதில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதுடன் நான் உடன்படுகிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் "கொஞ்ச தூரம் சிறகடித்துவிட்டுப் பொத்தென்று விழுந்தது" என்ற வரி என்னை உறுத்துகிறது. முன்பு வளர்த்தவர்கள் பறக்கும் இறகுகளை நறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். சிறகை விரிக்கும்போது நீண்ட வெளியிறகுகளின் நுனி வெட்டியதுபோல் நேராக இருந்தால் நறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் அது வெளியுலகுக்கு மட்டும் அஞ்சவில்லை, விழுவதற்கு அஞ்சுகிறது. நறுக்கிய இறகு அடுத்த முறை உதிர்ந்த பிறகே புதிதாக முளைக்கும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். கதவு எப்படிப்பட்டது என்பதையும் தெரிவியுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று காலை அது சோம்பல் முறித்தபோது கவனித்தேன். இரு சிறகுகளிலும் நுனி நறுக்கப்பட்டிருக்கிறது. இத்தனை நாளும் இதைப் பார்க்காமல் இருந்தது வேதனையாக இருக்கிறது. கதவு மேலே தூக்கித் திறக்கும் வகை. இரண்டு முறை அது தானாகக் கீழே விழுந்து சத்தம் எழுப்பியதும் உண்டு.

மறுமொழி 2

அப்படியானால் அது தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கதவைத் துணி உலர்த்தும் கிளிப்பால் இறுகக் கவ்விவையுங்கள். தலைமேல் விழுந்தால் கழுத்துக்கே ஆபத்து. கூண்டுக்குள் இருக்கும் குச்சியின் உயரத்திலேயே, வாசல் வழியாக வெளியே ஒரு முழம் நீளும்படி, தோல் உரிக்காத மரக்கிளை ஒன்றைக் கட்டுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சியில் கால் பிடிப்பதில்லை. அதன் கீழே தடித்த போர்வையை மடித்துப் போடுங்கள். நறுக்கிய பறவை நெஞ்செலும்பு தரையில் மோதும்படி விழுந்தால் அந்த எலும்பு முறிவதும் உண்டு.

வெளியே வரும் வேளையில் மின்விசிறி நின்றிருக்கட்டும், சன்னலுக்குத் திரை போட்டிருக்கட்டும், தண்ணீர் வாளி மூடியிருக்கட்டும். ஒட்டாத பூச்சுள்ள வாணலி மிகையாகச் சூடேறினால் எழும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டு சமையலறைக்கு அருகில் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

கேட்டவர் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

நேற்று மாலை வந்துவிட்டது! நான் படித்துக்கொண்டிருந்தேன், கிளையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. தலையை நிமிர்த்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். கிளையின் நுனிவரை நடந்து, திரும்பி, அலகால் கம்பியைப் பற்றிக் கூண்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தது. கால்மணி நேரத்தில் கொண்டை தணிந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அலகை அரைக்கத் தொடங்கியது. அதை எப்படி உள்ளே அனுப்புவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இருட்டிய பிறகு அதுவாகவே இறங்கிப் போயிற்று.

மறுமொழி 1

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. உள்ளே அனுப்ப முயலவே வேண்டாம். இரவுத் தீனிக்குச் சற்று முன்பாகக் கதவைத் திறந்து, தீனிக்கிண்ணத்தை எப்போதும் கூண்டுக்குள்ளேயே வைத்து, நேரமானதும் அறை விளக்கைக் குறையுங்கள். இன்னும் ஒரு மாதத்துக்குக் கையை நீட்டாதீர்கள். கூரைமேல் இருக்கும்போது தினைக்கதிரைக் கீழ்ப்பக்கமிருந்து காட்டி, அதுவாக எட்டிக் கொத்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.